யாரிடமிருந்து வந்தது

தோருன் எனக்குக் காபி ஊற்றுவதற்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள். நான் அப்போதுதான் மழைக்கோட்டைக் கழற்றி வாசல் கொக்கியில் மாட்டியிருந்தேன். படகுத்துறையிலிருந்து அவள் வீடு வரை நடந்ததில் காலுறை முழுக்க நனைந்திருந்தது.

"என் காய்ச்சலாலதானா?" என்றாள்.

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆய்வில் சேரும்போதே எல்லாத் தாய்மாரும் கர்ப்பகாலத்து விவரங்களை எழுதித் தருவார்கள். தோருன் மற்றதையெல்லாம் ஒற்றை வரியில் முடித்துவிட்டு, காய்ச்சலைப் பற்றி மட்டும் பக்கம் நிறைய எழுதியிருந்தாள்.

குழந்தைகளுக்கு ஆட்டிசம் வருவதற்குப் பின்னால் என்னென்ன இருக்கக்கூடும் என்று தேடுவதுதான் பெர்கன் நகரத்தில் இருக்கும் எங்கள் ஆய்வுக் குழுவின் வேலை. மற்றவர்கள் ஆய்வுக்கூடத்திலும் கணினி முன்னாலும் இருப்பார்கள். நான் உளவியல் படித்தவள் என்பதால் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் பேசுவது என் பங்கு. ஒரே வீட்டில் ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒன்றும் இல்லாத பிள்ளை ஒன்றும் இருக்கும் குடும்பங்களைத்தான் தேடித் தேடிச் சேர்த்தோம். அம்மா ஒருத்தி, அப்பா ஒருத்தர், வீடும் சாப்பாடும் ஒன்று. இரண்டு கர்ப்பங்கள் மட்டும் வேறு வேறு. அப்படி வைத்துப் பார்த்தால், கர்ப்பகாலத்தில் நடந்த ஒன்று உண்மையிலேயே ஆட்டிசத்தோடு தொடர்புடையதா, அல்லது குடும்பத்தோடு வந்த வேறு எதுவோ அப்படிக் காட்டுகிறதா என்பது கொஞ்சம் தெளிவாகும். மலைகளுக்கு நடுவே நீளும் கடற்கழியான சோக்ன ஃபியோர்டின் வாயில் இருக்கும் அந்தத் தீவில் தோருனின் குடும்பம் எங்களுக்கு அப்படிக் கிடைத்தது. மூத்தவள் அஸ்திரிக்கு ஆட்டிசம் இல்லை, அவள் வயிற்றில் இருந்தபோது தோருனுக்குக் காய்ச்சலும் இல்லை. இளையவன் யோஸ்தைன் விஷயத்தில் இரண்டும் உண்டு.

ஒரு பிள்ளையைக் காட்டி இதனால்தான் என்று எங்களால் சொல்ல முடியாது என்றேன். மழை நாளில் தெருவில் வழுக்கி விழுகிறவர்கள் அதிகம் என்று ஊர்க் கணக்கை வைத்துச் சொல்லலாம். ஆனால் விழுந்து கிடக்கிற ஓர் ஆளைக் காட்டி இவர் மழையால்தான் விழுந்தார் என்று சொல்ல முடியுமா? எல்லா வீட்டிலும் நான் சொல்வது இதுதான். மழை ஓயாத இந்தக் கரையில் எல்லாருக்கும் அந்த உதாரணம் உடனே பிடிபடும்.

தோருன் காபிக் கெட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப நீங்க இவ்வளவு தூரம் வந்து என்ன பிரயோஜனம்?" என்றாள். கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆயிரக்கணக்கான வீட்டுக் கதை சேர்ந்தால் ஏதாவது தெரியவரும் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுக் காபியை ஊற்றினாள்.

காய்ச்சல் வந்த கதையை அன்றைக்கே சொன்னாள். யோஸ்தைன் வயிற்றில் இருந்த இலையுதிர்காலம். கோடை முழுக்க மலையில் மேய்ந்த ஆடுகளைக் கீழே இறக்கும் நாள். தீவே திரண்டு மலையேறும் நாள் அது. சின்ன வயதிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறாமல் போனவள், வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்பதற்காக வீட்டில் உட்காரவில்லை. ஊரில் அப்போது ஃப்ளூ சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பி வந்த மறுநாளே அவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. சில நாளில் சரியாகிவிட்டது. பிள்ளையும் நன்றாகத்தான் பிறந்தான். பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று பெர்கனுக்கு அழைத்துப் போய், ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு வந்த கிறிஸ்துமஸ் விருந்தில், நாத்தனார் பெரித் உருளைக்கிழங்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னாளாம்: "அந்த நெலமையில ஆடு ஓட்டப் போகாம இருந்திருக்கலாம் நீ."

அவ்வளவுதான். பெரித் அடுத்த நிமிஷமே குழம்பு எங்கே என்று கேட்டுவிட்டாள். தோருன் மட்டும் அந்த வாக்கியத்தோடு எழுந்து, அந்த வாக்கியத்தோடு படுத்தாள். அதற்குப் பிறகு ஆடு இறக்கும் நாளில் அவள் மலைப் பக்கம் போகவே இல்லை. முழங்கால் வலி என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

இதை அவள் சொன்னபோது அவள் கணவன் எய்லிஃப் வீட்டில் இல்லை. அவன் படகுப் பட்டறையில் மின்வேலை பார்க்கிறவன். சாயங்காலம் வந்தவன் எனக்குக் கை கொடுத்து, பெயரைச் சொல்லிவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அதற்குமேல் பேசவில்லை.

அவனுக்குப் பதிலாக யோஸ்தைன் என்னிடம் வந்தான். ஒன்பது வயசு. அவனுக்குக் கீல் என்றால் உயிர். கதவுக் கீல், பெட்டிக் கீல், அலமாரிக் கீல், எது கிடைத்தாலும் காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து திறந்து மூடுவான். வணக்கம் சொல்லாமல், என் முகத்தைப் பார்க்காமல், என் மூக்குக் கண்ணாடியை மட்டும் மெதுவாகக் கழற்றி எடுத்துக்கொண்டான். காதுக் கொம்பை மடக்கினான், விரித்தான். நான் அரைக் குருடாக உட்கார்ந்து மிச்சக் கேள்விகளைக் கேட்டேன்.

"லூசா இருக்கு," என்றான் கடைசியில்.

எய்லிஃப் எழுந்து போய் ஊசி மாதிரி ஒரு திருப்புளியோடு வந்தான். அப்பாவும் மகனும் தலையோடு தலை ஒட்டியபடி குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல் என் கண்ணாடியைச் சரிசெய்தார்கள். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த முறை நான் போனபோது கோடை முடிந்து காற்று திரும்பியிருந்தது. இந்த முறை பெற்றோரைப் பற்றிய கேள்விகள். ஆட்டிசத்துக்குப் பின்னால் இருப்பவற்றில் பரம்பரைக்குத்தான் பெரிய பங்கு என்பது எங்களுக்கு முன்பே பலர் உழைத்துக் கண்டறிந்தது. அதுவும் ஒற்றைக் காரணம் இல்லை. சின்னச் சின்னதாகப் பல சேர்வது. அதனால் அம்மாவும் அப்பாவும் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் கேட்டு வைப்போம். தன்னைப் பற்றித் தானே சொல்வதைவிடக் கூட வாழ்கிறவர் சொல்வது சரியாக இருக்கும் என்பதால், மனைவியைப் பற்றிக் கணவனிடமும் கணவனைப் பற்றி மனைவியிடமும் கேட்பது வழக்கம்.

தோருன் வாஃபிள் சுட்டு வைத்திருந்தாள். எய்லிஃப் அவளைப் பற்றிய கேள்விகளுக்கு ஆமாம், இல்லை என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தான். அப்புறம் அவள் முறை வந்தது. அவனும் பக்கத்திலேயேதான் இருந்தான்.

ஆள் கூட்டம் இருக்கிற இடத்தில் அவருக்குச் சீக்கிரம் களைப்பு வந்துவிடுமா என்று கேட்டேன். தோருன் சிரித்துவிட்டாள். "இவனா? படகைப் பாக்கப் போயிடுவான். எந்த விருந்துக்குப் போனாலும் கொஞ்ச நேரத்துல படகைப் பாத்துட்டு வரேன்னு கெளம்பிடுவான். எங்க கல்யாணத்தன்னிக்கே சாப்பாட்டுக்கு நடுவுல எந்திரிச்சுப் போனான். மாப்பிள்ளை ஓடிட்டான்னே எங்க அப்பா நெனச்சுட்டாரு."

"கயிறு சரியாக் கட்டல அன்னிக்கு," என்றான் எய்லிஃப்.

எதையும் ஒரே மாதிரி செய்யவேண்டும் என்ற பிடிவாதம் உண்டா? கல்யாணம் ஆன நாளிலிருந்து காலையில் அதே மொறுமொறு ரொட்டி, அதே பழுப்புச் சீஸ் என்றாள் தோருன். கடையில் சீஸ் தீர்ந்துபோன அன்று சாப்பிடாமலே வேலைக்குப் போனானாம். மற்றவர்கள் கவனிக்காத சின்னச் சத்தம் அவருக்குத் தொந்தரவாக இருக்குமா? பெரித் ஆசையாக வாங்கித் தந்த சுவர்க்கடிகாரம் இப்போது படகுக் கொட்டகையில் கம்பளியில் சுற்றிக் கிடக்கிறதாம். அஸ்திரி தன் அறையிலிருந்தே, "அப்பா ஃபோன்ல பேசுறதுக்கு முன்னாடி தனியாப் பேசிப் பாத்துக்குவாரு, அதையும் எழுதுங்க," என்று குரல் கொடுத்தாள்.

தோருன் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் அடுத்த கேள்வியைப் படித்தேன். அதற்கும் ஆமாம். அதற்கடுத்ததற்கும் ஆமாம். போகப் போக அவள் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில், "இதையெல்லாம் நான் ஏற்கெனவே சொல்லியிருக்கேனே," என்றாள். அவள் சொல்லியிருந்தாள்தான். முதல் தடவை நான் வந்தபோது, யோஸ்தைனைப் பற்றி.

கையிலிருந்த வாஃபிளைத் தட்டில் வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "எய்லிஃப், நீயும்..."

"ஆமா," என்றான்.

"ஆமான்னா?"

"நானும் அப்படித்தான். அவன் நடக்கப் பழகினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கதவோட வெளையாடுறான்னு எல்லாரும் சொன்னீங்க. அவன் கதவையே பாக்கல, கீலைத்தான் பாத்தான். நானும் அதைத்தான் பாப்பேன் அந்த வயசுல. எங்க அப்பாவும்."

"இத்தனை வருஷமா ஏன் எங்கிட்டச் சொல்லல?"

எய்லிஃப் யோசித்தான். அவன் யோசிக்கும்போது மூஞ்சியில் ஒன்றும் தெரியாது. "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றான். "நீ கேக்கவும் இல்ல." பிறகு, சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் பாக்கி இருப்பதாகப் பட்டிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்: "அவன் என்னை மாதிரி வந்ததுல எனக்கு சந்தோஷம். அதுக்கு முன்னாடி இந்த வீட்ல நான் ஒருத்தன்தானே இருந்தேன்."

இந்தக் கேள்விகளை வைத்து யாருக்கும் எந்தப் பெயரும் சூட்டக் கூடாது, அதற்கு முறையான பரிசோதனை வேண்டும் என்று சொல்வது என் கடமை. சொன்னேன். யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தோருன் எழுந்து வெளியே போனாள். கோட்டுகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

எய்லிஃப் என்னைப் பார்த்தான். என் முகத்தை அவன் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"இல்ல," என்றேன். "ஆனா போய்ப் பக்கத்துல நில்லுங்க."

அவன் அவள் கோட்டை எடுத்துக்கொண்டு போனான். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேலியருகே அவள் நின்றிருந்தாள். அவன் ஒரு கை தூரத்தில் போய் நின்று கோட்டை நீட்டினான். அவள் அதை வாங்காமல் அவன் தோளில் குத்தினாள், இன்னொரு தடவை குத்தினாள். அப்புறம் கோட்டைப் போட்டுக்கொண்டாள். நெடுநேரம் அவள்தான் பேசினாள். நான் ஜன்னலிலிருந்து நகர்ந்து வந்து, யோஸ்தைன் கேட்காமலே கண்ணாடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன்.

அங்கே என்ன பேசினார்கள் என்பதைத் தோருன் பிற்பாடு சொன்னாள். பெரித் சொன்னதையும், அதை இத்தனை நாளும் தான் சுமந்துகொண்டு திரிந்ததையும் அவனிடம் முதன்முதலாகச் சொன்னாளாம். முழங்கால் வலி பொய் என்றதும் அவன் ஆடிப்போய்விட்டானாம். அவளுக்காக ஒவ்வொரு வருஷமும் படிக்கட்டில் கைப்பிடி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு வீட்டுக்குள் ஒருத்தி தன்னால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று மருகிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தலையணையில் படுத்திருந்தவன், தன்னால்தான் பிள்ளை இப்படி வந்தான் என்று உள்ளூர மகிழ்ந்துகொண்டிருந்தான். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் எய்லிஃப் தானாகக் கிளம்பி அக்கா வீட்டுக்குப் போனான். கூப்பிட்டாலே போகாதவன் கூப்பிடாமல் வந்து நிற்பதைப் பார்த்து, பெரித் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்துவிட்டாளாம். அவன் வாசலிலேயே நின்று சொல்லியிருக்கிறான்: "யோஸ்தைன் என்கிட்டேர்ந்து வந்தவன். ஆட்டுக்கிட்டேர்ந்து வரல." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டான். பெரித்துக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே தோருன் வீட்டுக்கு ஓடி வந்து, விஷயத்தைக் கேட்டு, அழுதாள். தான் அப்படிச் சொன்னதே அவளுக்கு நினைவில் இல்லை. அதைக் கேட்டு முதலில் எரிச்சல்தான் வந்தது என்றாள் தோருன். அப்புறம் நாத்தனாரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கிறது. அடுப்பில் இருந்த சூப்பைக் கொடுத்து உட்காரவைத்தாளாம்.

அந்த இலையுதிர்காலம் அவள் மலையேறினாள். யோஸ்தைனையும் கூட்டிக்கொண்டு போனாள். அவன் ஆடுகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. கீழே பட்டியின் வாசலில் நின்றுகொண்டு, ஒவ்வொரு கூட்டமாக ஆடு வரவர அந்த மரப்படலைத் திறந்துவிட்டு மூடினான். ஒருத்தரையும் கிட்டே விடவில்லையாம். அந்த வருஷம் பட்டியிலிருந்து ஓர் ஆடுகூட வெளியே ஓடவில்லை என்று தீவில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

ஆய்வு முடிவை நாங்கள் குடும்பங்களுக்குச் சொன்னது அதற்கு அடுத்த வருஷம், வசந்தகாலத்தில். பெர்கனில் ஒரு பள்ளிக்கூட மண்டபம்; பெற்றோர் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். எங்கள் தலைவி ரன்வெய்க் பேசினாள். கெட்டிக்காரி, ஆனால் மேடையில் ஏறினால் காகிதம் மாதிரி பேசுவாள். தாய்மாரை மொத்தமாக வைத்துப் பார்த்தபோது காய்ச்சல் கண்டவர்களின் பிள்ளைகளிடையே ஆட்டிசம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது என்றாள். ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒப்பிட்டதும் அந்த வித்தியாசம் மிகவும் சுருங்கிப்போனது. மிச்சமிருப்பது தற்செயலா இல்லையா என்று எங்கள் ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது, இன்னும் பார்க்க வேண்டும். இதை வைத்து எந்தத் தாயும் தன்மேல் பழி போட்டுக்கொள்ள இடமில்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் காகிதத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

முன்வரிசையில் ஓர் அம்மா மூக்கைச் சிந்தினாள். தோருன் அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். கேள்வி நேரம் வந்ததும் கையைத் தூக்கினாள்.

"உங்க கேள்வித்தாள்ல, வயித்துல பிள்ளை இருந்தப்ப என்னென்ன கெட்டது நடந்துச்சுன்னு பக்கம் பக்கமாக் கேக்குறீங்க," என்றாள். "கேளுங்க, வேணாங்கல. ஆனா எங்ககிட்டேர்ந்து பிள்ளைக்குப் போனதுல எது உங்களுக்கு சந்தோஷம்னு ஒரு கேள்விகூட இல்லையே."

ரன்வெய்க் தடுமாறினாள். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள், அதையெல்லாம் எண்ணிக்கையில் கொண்டுவர முடியாது என்று விளக்கினாள்.

"எண்ண வேணாம்," என்றாள் தோருன். "படிங்க."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் ஓர் அப்பா கை தட்டினார். தோருன் பக்கத்தில் எய்லிஃப் இருந்த நாற்காலி அதற்குள் காலி. மகனைக் கூட்டிக்கொண்டு துறைமுகம் பார்க்கப் போயிருந்தான். அவள் பேசியதை அஸ்திரி சொல்லித்தான் அவன் தெரிந்துகொண்டான்.

குழுவில் இதைப் பற்றி வாக்குவாதம் நடந்தது. எங்கள் புள்ளிவிவரக்காரர் இது ஆராய்ச்சியா குடும்ப ஆல்பமா என்று கேட்டார். ரன்வெய்க் சில வாரம் கழித்து, அடுத்த சுற்றுக் கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தில், தோருன் கேட்ட அந்தக் கேள்வியையும் அதற்குக் கீழே ஒரு வெற்றுக் கட்டத்தையும் தானே சேர்த்தாள். தோருனையும் பெற்றோர் ஆலோசனைக் குழுவுக்கு அழைத்தாள். இப்போது அவள் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு தடவை படகேறி வருகிறாள். எங்கள் கேள்விகளில் பாதியை மாற்றி எழுதவைத்துவிட்டாள். புள்ளிவிவரக்காரருக்கு அவளைக் கண்டால் கொஞ்சம் பயம்.

அந்தக் கட்டத்தைப் பெரும்பாலானவர்கள் காலியாக விடுவார்கள் என்றுதான் நினைத்தோம். அப்படி நடக்கவில்லை. சிலர் ஓரத்திலும் எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது, பெயரை மறைத்துவிட்டு, ரொட்டியைக் கடித்துக்கொண்டே ஒருவர் மாற்றி ஒருவர் வாசிப்பது வழக்கமாகிவிட்டது. மழை வரப்போவதை என் மகள் வாசனையில் கண்டுபிடித்துவிடுவாள், நானும்தான், என்று ஒருத்தி. பையனுக்குப் பொய் சொல்ல வராது, எனக்கும் வராது, இரண்டு பேரும் நிறைய மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று ஓர் அப்பா. என்னைப் போல அவனும் ஒரே பாட்டை நாள் முழுக்கக் கேட்பான், வீட்டில் மற்றவர்கள்தான் பாவம் என்று இன்னொருத்தர்.

போன வெள்ளிக்கிழமை புள்ளிவிவரக்காரரின் முறை. அவர் எடுத்த தாளில் ஒரு தாய் ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: என் மகள் வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் என்னைத் தவிர வேறு யாருக்கும் நட்சத்திரம் பார்க்கப் பிடிக்காது. அவர் அதைப் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ரன்வெய்க் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தார். அதன்பின் யாரோ காபி போட எழுந்தார்கள், யாரோ தன் பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அன்றைக்கு மதிய வேலை கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கியது.